மனச்சிதைவு நோய்: வகைப்பாடும் முதன்மை அறிகுறிகளும்

மனச்சிதைவு நோய் என்பது ஒருவருடைய சிந்தனை, புலனுணர்வு, உணர்ச்சி, செயலூக்கம், நடத்தை ஆகியவற்றை ஒருசேரப் பாதிக்கும் கடுமையான மனநோய்களுள் ஒன்று. ஸ்கிசோஃப்ரினியா என்ற ஆங்கிலப் பெயராலும், மனப்பித்து, உளச்சிதைவு என்ற பெயர்களாலும் இது தமிழில் வழங்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 2.4 கோடிப் பேர், அதாவது 300 பேரில் ஒருவர், இந்நோயுடன் வாழ்கின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. ஆண்களுக்குப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குவது வழக்கம்.

இந்நோயைப் பல வகைகளாகப் பிரித்து, நோயாளியை அவற்றுள் ஒன்றில் சேர்க்கும் முறை நூறு ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அண்மைக் காலத்தில் அது கைவிடப்பட்டுள்ளது. இப்போது எந்த அறிகுறிகள் உள்ளன, அவை எவ்வளவு கடுமையாக உள்ளன, எவ்வளவு காலமாக நீடிக்கின்றன என்பனவே வகைப்பாட்டின் அடிப்படை. குடும்பங்களுக்கும் இந்த மாற்றத்தில் பொருள் உண்டு. குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்ற உரத்த அறிகுறிகள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. பேச்சு குறைவது, விருப்பம் வற்றுவது போன்ற அமைதியான அறிகுறிகள் சோம்பல் என்றும் திமிர் என்றும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. ஆனால் நோயாளி பிற்காலத்தில் எப்படி வாழ்வார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இந்த இரண்டாம் வகை அறிகுறிகளே.

பெயர்

ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லைச் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908-இல் உருவாக்கினார். பிளத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் மனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து அவர் இப்பெயரை அமைத்தார். சிந்தனை, உணர்ச்சி, விருப்பம் ஆகியவற்றுக்கு இடையே உள்ள இணைப்பு தளர்ந்துபோவதையே அவர் பிளவு என்று குறிப்பிட்டார்.

இப்பெயர் ஒரு குழப்பத்துக்கும் வழிவிட்டது. ஒருவருக்குள் இரண்டு மூன்று ஆட்கள் இருப்பதுபோலத் திரைப்படங்களில் காட்டப்படும் நிலையை மனச்சிதைவு என்று பலர் எண்ணுகின்றனர். அது விலகல் அடையாளக் கோளாறு என்ற வேறொரு நோய். மனச்சிதைவு நோயாளிக்கு ஒரே ஆளுமைதான் உண்டு. அவர் உலகை உணரும் விதமே மாறுகிறது. பெயரால் ஏற்படும் இழிவைக் குறைக்க ஜப்பான் 2002-இல் இந்நோயின் பெயரையே மாற்றியது. மனம் பிளந்த நோய் என்று பொருள்தந்த பழைய பெயருக்கு மாற்றாக, ஒருங்கிணைவு குலைந்த நிலை என்று பொருள்படும் பெயர் அங்கே ஏற்கப்பட்டது. பின்னர்த் தென்கொரியாவும் இவ்வாறே பெயரை மாற்றியது.

வகைப்பாட்டின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானிய மருத்துவர்கள் சில மனநோய் நிலைகளைத் தனித்தனியே விவரித்தனர். இளம்பருவத்தில் தோன்றிச் சிந்தனையையும் உணர்ச்சியையும் குலைக்கும் ஹெபிஃபிரீனியாவை எவால்ட் ஹெக்கர் 1871-இல் விவரித்தார். உடல் அசைவற்று இறுகிப்போகும் கேட்டடோனியாவைக் கார்ல் கால்பாம் 1874-இல் விவரித்தார்.

இவையும் சந்தேகமும் பொய்யான நம்பிக்கைகளும் மேலோங்கிய நிலையும் ஒரே நோயின் வெவ்வேறு தோற்றங்கள் என்று கூறியவர் எமில் கிரெப்பலின். இளமையிலேயே அறிவு மங்குதல் என்ற பொருளில் அதற்கு டிமென்ஷியா பிரீகாக்ஸ் என்று அவர் பெயரிட்டார். 1899-இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், மனநிலை ஏற்ற இறக்க நோயிலிருந்து இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முன்னது படிப்படியாகச் சீர்கெடும், பின்னது வந்து வந்து போகும் என்பது அவர் கண்ட வேறுபாடு.

பிளாய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரே நோயாகக் கொள்ளாமல் மனச்சிதைவுகளின் தொகுதி என்று குறிப்பிட்டார். எல்லோரும் சீர்கெட்டுப் போவதில்லை என்பதையும் சுட்டினார். உரத்த அறிகுறிகள் தோன்றாமல் ஆர்வமும் செயல்திறனும் மட்டும் மெல்லத் தேய்ந்துபோகும் எளிய வகை என்ற நான்காவது பிரிவையும் அவர் சேர்த்தார்.

செருமானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் நோயை உறுதிசெய்ய உதவும் முதல்தர அறிகுறிகளைத் தொகுத்தார். தன் எண்ணங்கள் உரத்த குரலாகக் கேட்பது, இரண்டு குரல்கள் தன்னைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது, தன் செயலை ஒரு குரல் நேர்முக வருணனைபோல் சொல்லிக்கொண்டே வருவது, தன் எண்ணங்களைப் பிறர் எடுத்துவிடுவது, பிறருடைய எண்ணங்கள் தன் மனத்தில் புகுத்தப்படுவது, தன் உடலையும் செயலையும் வெளியாற்றல் இயக்குவது போன்றவை அப்பட்டியலில் உள்ளன. இவை பிற மனநோய்களிலும் தோன்றக்கூடும் என்பது பின்னர்த் தெரியவந்தது. எனவே இவற்றுக்கு முன்பிருந்த தனிச்சிறப்பு இன்று இல்லை.

பழைய உட்பிரிவுகள்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக்கு ஐ.சி.டி. என்றும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டுக்கு டி.எஸ்.எம். என்றும் பெயர். ஐ.சி.டி-யின் பத்தாம் பதிப்பு மனச்சிதைவைப் பின்வருமாறு பிரித்தது. பழைய மருத்துவச் சான்றுகளிலும் பாடநூல்களிலும் இப்பெயர்களை இன்றும் காணலாம்.

1. பாரனாய்டு வகை: பிறர் தனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்பது போன்ற நம்பிக்கைகளும் குரல் கேட்பதும் மேலோங்கியவை. மிகுதியாகக் காணப்பட்ட வகை இது.

2. ஹெபிஃபிரீனிக் வகை: பேச்சும் நடத்தையும் ஒழுங்கற்று, பொருத்தமில்லாத சிரிப்பு முதலியவற்றோடு இளம்வயதில் தொடங்குவது.

3. கேட்டடோனிக் வகை: உடலசைவுகள் உறைந்துபோவது, அல்லது காரணமின்றிக் கட்டுக்கடங்காமல் போவது.

4. வேறுபடுத்த இயலாத வகை: எப்பிரிவிலும் தெளிவாக அடங்காதது.

5. மனச்சிதைவுக்குப் பிந்தைய மனச்சோர்வு: உரத்த அறிகுறிகள் தணிந்தபின் தோன்றும் சோர்வு நிலை.

6. எச்ச வகை: உரத்த அறிகுறிகள் அடங்கி, மந்தமும் ஊக்கமின்மையும் மட்டும் நீடிப்பது.

7. எளிய வகை: பிளாய்லர் குறிப்பிட்டதுபோல், உரத்த அறிகுறிகள் இன்றியே செயல்திறன் தேய்ந்துபோவது.

உட்பிரிவுகள் கைவிடப்பட்ட காரணம்

உட்பிரிவுகள் நடைமுறையில் நிலைத்து நிற்கவில்லை. முதல் முறை பாரனாய்டு வகை என்று குறிக்கப்பட்டவர், சில ஆண்டுகளில் எச்ச வகையாகவோ வேறுபடுத்த இயலாத வகையாகவோ மாறினார். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் இரண்டு பிரிவுகளில் சேர்த்தனர். எந்த மருந்து பயன்தரும், நோய் எப்படிப் போகும் என்பவற்றையும் இப்பெயர்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதற்கிடையே ஆய்வாளர்கள் ஆட்களைப் பிரிப்பதை விட்டு அறிகுறிகளைப் பிரிக்கத் தொடங்கினர். இங்கிலாந்தின் டிம் குரோ 1980-இல் நேர்மறை அறிகுறிகள் மேலோங்கியது, எதிர்மறை அறிகுறிகள் மேலோங்கியது என இரு கூறுகளைக் காட்டினார். பீட்டர் லிடில் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் அறிகுறிகள் மூன்று கொத்துகளாகச் சேர்வதைக் கண்டார். உண்மையைத் திரித்து உணர்தல், சிந்தனை ஒழுங்கு குலைதல், பேச்சிலும் உணர்ச்சியிலும் செயலிலும் வறுமை ஆகியன அவை. ஒருவரிடமே இம்மூன்றும் வெவ்வேறு அளவில் இருக்கலாம், காலப்போக்கில் அளவு மாறலாம். இந்தப் பார்வையே இன்றைய வகைப்பாட்டுக்கு அடித்தளம்.

இன்றைய வகைப்பாடு

2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 உட்பிரிவுகளை முற்றிலும் நீக்கியது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11-உம் அவ்வாறே செய்தது.

டி.எஸ்.எம்-5 ஐந்து அறிகுறிகளைக் குறிப்பிடுகிறது: பிறழ்நம்பிக்கை, மாயப்புலனுணர்வு, ஒழுங்கற்ற பேச்சு, மிகவும் ஒழுங்கற்ற அல்லது கேட்டடோனிய நடத்தை, எதிர்மறை அறிகுறிகள். இவற்றுள் இரண்டேனும் ஒரு மாதத்தின் பெரும்பகுதி இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றேனும் முதல் மூன்றுக்குள் அடங்க வேண்டும். வேலை, படிப்பு, உறவு, தன் உடலைப் பேணுதல் ஆகியவற்றில் தெளிவான சரிவு இருக்க வேண்டும். நோயின் அடையாளங்கள் மொத்தத்தில் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர வேண்டும். ஐ.சி.டி-11-க்கு இரண்டு அறிகுறிகள் ஒரு மாதம் நீடித்தால் போதும். பிறழ்நம்பிக்கை, மாயப்புலனுணர்வு, சிந்தனைக் குலைவு, வெளியாற்றல் தன்னை இயக்குவதாக உணர்தல் ஆகிய நான்கில் ஒன்றேனும் அவற்றில் இருக்க வேண்டும்.

நோய் உறுதியானபின் ஐ.சி.டி-11 இரண்டு செய்திகளைப் பதியச் சொல்கிறது. முதலாவது, நோயின் போக்கு: இது முதல் முறையா, பலமுறை வந்து தணிந்ததா, தொடர்ச்சியாக இருப்பதா என்பது. இரண்டாவது, நேர்மறை, எதிர்மறை, மனச்சோர்வு, மிகையெழுச்சி, உளஇயக்கம், அறிதிறன் ஆகிய ஆறு துறைகளில் அறிகுறி இல்லை, லேசாக உள்ளது, மிதமாக உள்ளது, கடுமையாக உள்ளது என்ற அளவீடு. பாரனாய்டு மனச்சிதைவு என்ற ஒற்றைப் பெயர் இருந்த இடத்தில், இப்போது ஆறு துறைகளின் நிலை பதிவாகிறது.

முதன்மை அறிகுறிகள்

நேர்மறை அறிகுறிகள்

நேர்மறை என்பது இங்கே நல்லது என்ற பொருளில் வரவில்லை. இயல்பான மனத்தில் இல்லாத ஒன்று கூடுதலாகத் தோன்றுவதை அது குறிக்கிறது.

பிறழ்நம்பிக்கை என்பது எவ்வளவு சான்று காட்டினாலும் அசையாத, உண்மைக்குப் புறம்பான நம்பிக்கை. அவருடைய பண்பாட்டைச் சேர்ந்த மற்றவர்கள் அதைப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள், தொலைக்காட்சிச் செய்தியில் என்னைப் பற்றியே மறைமுகமாகப் பேசுகிறார்கள், கைப்பேசி வழியே என் எண்ணங்களைப் படிக்கிறார்கள் என்பன சில எடுத்துக்காட்டுகள். செய்வினை உண்டு என்று ஊரே நம்பும் இடத்தில் ஒருவர் அதை நம்புவது மட்டும் நோய் ஆகாது. அந்த நம்பிக்கை ஊராருடையதைப் போன்றே உள்ளதா, அவர்களே ஏற்காத வடிவத்தில் அவரது அன்றாட வாழ்வைக் குலைக்கிறதா என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

மாயப்புலனுணர்வு என்பது புறத்தூண்டல் இல்லாமலேயே தோன்றும் உணர்வு. இந்நோயில் மிகுதியாகக் காணப்படுவது குரல் கேட்பது. குரல்கள் திட்டலாம், கட்டளையிடலாம், தமக்குள் பேசிக்கொள்ளலாம். கேட்பவருக்கு அவை கற்பனைபோல் இருப்பதில்லை. பக்கத்து அறையில் ஒருவர் பேசுவதுபோல் உண்மையாகவே கேட்கின்றன. தனியே சிரிப்பதும் முணுமுணுப்பதும் காதைப் பொத்திக்கொள்வதும் பெரும்பாலும் இந்தக் குரல்களுக்கான எதிர்வினைகள். தன்னைத் தாக்கிக்கொள்ளவோ பிறரைத் தாக்கவோ கட்டளையிடும் குரல் கேட்டால் அதை அவசரநிலையாகக் கொள்ள வேண்டும்.

சிந்தனைக் குலைவு

ஒரு கேள்விக்கு விடை தொடங்கும் இடத்திலிருந்து தொடர்பில்லாத மற்றொன்றுக்குப் பேச்சு தாவுகிறது. கடுமையானால் சொற்கள் இருக்கும், வாக்கியம் பொருள் தராது. தமக்கு மட்டும் புரியும் புதுச்சொற்களைச் சிலர் ஆக்கிக்கொள்வதும் உண்டு. ஆடை அணிவது, குளிப்பது போன்ற ஒழுங்கும் இதனோடு குலையலாம்.

எதிர்மறை அறிகுறிகள்

இயல்பாக இருக்க வேண்டிய ஒன்று குறைந்துபோவது எதிர்மறை அறிகுறி. இவை ஐந்து வகைப்படும்: முகத்திலும் குரலிலும் உணர்ச்சி வெளிப்படாமை, பேச்சு சுருங்குதல், ஒரு செயலைத் தொடங்கவும் தொடரவும் ஊக்கமின்மை, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் ஈடுபாடு இன்மை, பிறருடன் பழக விருப்பமின்மை.

நோய் வெளிப்படையாகத் தெரிவதற்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் முன்னரே இவை தொடங்கிவிடலாம். நன்றாகப் படித்த பிள்ளை மதிப்பெண் இழக்கிறான், நண்பர்களை விடுகிறான், அறைக்குள்ளேயே கிடக்கிறான். வீட்டார் அதை வயதுக்கோளாறு என்றோ காதல் தோல்வி என்றோ எடுத்துக்கொள்கின்றனர். சிகிச்சைக்குப் பின் குரல்கள் அடங்கிய நிலையிலும் இவை நீடிக்கலாம். அப்போது, நோய்தான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் வேலைக்குப் போகவில்லை என்ற கேள்வி எழுகிறது. நோயாளி அதற்கு விடைசொல்ல முடியாமல் இருப்பதும் அதே அறிகுறியின் பகுதியே.

அறிதிறன் குறைபாடு

கவனம், நினைவாற்றல், திட்டமிடுதல், செய்தியை விரைந்து உள்வாங்குதல் ஆகியவை குறைகின்றன. கடையில் வாங்க வேண்டிய நான்கு பொருள்களை நினைவில் வைப்பதும், பேருந்து மாறிச் செல்வதும் கடினமாகலாம். ஒருவர் வேலையில் நிலைப்பாரா என்பதைக் குரல் கேட்பதைவிட இக்குறைபாடும் எதிர்மறை அறிகுறிகளுமே மிகுதியாகத் தீர்மானிக்கின்றன என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு.

உளஇயக்க அறிகுறிகளும் மனநிலை அறிகுறிகளும்

கேட்டடோனிய நிலையில் ஒருவர் பேசாமல், உண்ணாமல், வைத்த நிலையிலேயே மணிக்கணக்கில் இருக்கலாம். உடனடி மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் நிலை இது. மற்ற மனநோய்களிலும் உடல்நோய்களிலும் தோன்றக்கூடியது என்பதால், ஐ.சி.டி-11 கேட்டடோனியாவைத் தனித் தலைப்பில் வைத்துள்ளது. மனச்சோர்வும் இந்நோயில் பொதுவானது. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் தற்கொலையால் இறக்கின்றனர். நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் இந்த ஆபத்து மிகுதி.

ஒத்த தோற்றமுள்ள நோய்கள்

குரல் கேட்பவர் எல்லோரும் மனச்சிதைவு நோயாளி ஆகமாட்டார். ஐ.சி.டி-11 அருகருகே வைத்துள்ள நோய்கள் சில:

திடீர் நிலையற்ற உளநோய்: சில நாட்களில் முழுவீச்சில் தோன்றி, மூன்று மாதங்களுக்குள் முழுமையாகத் தணிவது. இந்தியா போன்ற நாடுகளில் மேலைநாடுகளைவிட மிகுதியாகப் பதிவாகியுள்ளது.

மனச்சிதைவு-மனநிலை இணைநோய்: மனச்சிதைவு அறிகுறிகளும் கடுமையான மனச்சோர்வு அல்லது மிகையெழுச்சியும் ஒரே காலத்தில் இருப்பது.

பிறழ்நம்பிக்கை நோய்: மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது போன்ற ஒரு நம்பிக்கை மட்டும் நிலைத்து, மற்றவை பெரும்பாலும் இயல்பாக இருப்பது.

கஞ்சா, மது, பிற போதைப்பொருள்கள், வலிப்பு நோய், மூளைக் காய்ச்சல், தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும். இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ மனச்சிதைவை உறுதிசெய்யாது. பிற காரணங்களை விலக்கவே அவை பயன்படுகின்றன. நோயாளியுடனும் குடும்பத்துடனும் பேசி அறிவதும், காலப்போக்கைக் கவனிப்பதுமே உறுதிசெய்யும் வழி.

நோயின் போக்கு: சென்னை ஆய்வின் பாடம்

மனச்சிதைவு வந்தால் வாழ்வு முடிந்தது என்ற எண்ணம் கிரெப்பலின் காலத்தது. அதைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலிருந்தே முக்கியமான சான்று கிடைத்தது. முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைச் சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். மருத்துவர் ஆர். தாரா 2004-இல் இதன் இருபதாண்டு முடிவுகளை வெளியிட்டார். அப்போது 61 பேரைச் சந்திக்க முடிந்தது. இடைவிடாமல் நோயுற்றே இருந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு நோய் வந்து தணிந்து, மீண்டும் வந்து தணிந்தது. ஐ.சி.டி-11 நோயின் போக்கைத் தனியே பதியச் சொல்வதன் பயன் இங்கே விளங்கும். ஒரு முறை கண்ட நிலையை வைத்து வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

ஆக்ரா உள்ளிட்ட மையங்களில் உலக சுகாதார நிறுவனம் 1960-களில் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு, வளரும் நாடுகளில் நோயாளிகள் மேலைநாட்டினரைவிட நன்கு தேறுகின்றனர் என்று காட்டியது. கூட்டுக் குடும்பமும் எளிய வேலை வாய்ப்பும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த முடிவை அப்படியே பொதுவாக்க முடியாது என்று 2008-இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று வாதிட்டது; அதன் ஆசிரியர்களுள் தாராவும் ஒருவர். சென்னை நகர்ப்பகுதி ஒன்றில் நடந்த மற்றோர் ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர்களாக இருந்தனர். குடும்பம் தாங்குகிறது என்பது உண்மை. தாங்கிக்கொண்டே காலம் கடத்திவிடுகிறது என்பதும் உண்மை.

இந்த ஆய்வுகளில் பலவற்றுக்கு இருப்பிடம் சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த மருத்துவர் எம். சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் அதை நிறுவினார். மருத்துவமனையில் தேறியவர்களுக்கு வீடு திரும்பியபின் வேலையும் பயிற்சியும் இல்லாததே பெரிய குறை என்று கண்டு, மறுவாழ்வைச் சிகிச்சையின் பகுதியாக்கியவர் அவர்.

அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சை

1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் மருந்தின் பயன் தெரியவந்தபின் சிகிச்சையில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. அதுவும் பின்னர் வந்த ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலியனவும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலைக் குறைக்கின்றன. குரல்களையும் பிறழ்நம்பிக்கைகளையும் இவை நன்கு தணிக்கின்றன. இரண்டு மருந்துகள் பயன்தராதவர்களுக்குக் குளோசபின் தரப்படுகிறது. அதற்கு இரத்த வெள்ளணுக்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். உடல் எடை, சர்க்கரை, கைநடுக்கம் போன்ற பக்கவிளைவுகளை மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

எதிர்மறை அறிகுறிகளுக்கும் அறிதிறன் குறைபாட்டுக்கும் இம்மருந்துகள் சிறிதளவே உதவுகின்றன. அங்கே தேவைப்படுவது தொழிற்பயிற்சி, சமூகத் திறன் பயிற்சி, குடும்பத்துக்கான விளக்கம், பொறுமையான அன்றாட ஒழுங்கு ஆகியவை. கோவா, சத்தாரா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவியபோது, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட நோயாளிகளின் நிலை ஓரளவு மேம்பட்டிருந்தது.

இந்தியாவில் இயலாமைச் சான்று வழங்கும் முறையும் இதே பார்வையைக் கொண்டது. ஐடியாஸ் எனப்படும் இந்திய அளவுகோல் நோயின் வகையைக் கேட்பதில்லை. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை செய்தல் ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் மதிப்பிடுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் இயலாமை உள்ளவர்கள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகளைக் கோரலாம்.

பெருநகருக்கு வெளியே: காரைக்கால் கடற்கரை

சென்னையில் உள்ள வசதி கடலோரச் சிற்றூர்களில் இல்லை. காளமேகப் புலவர் கதையால் பெயரறிந்த திருமலைராயன்பட்டினம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே அமைந்த இவ்வூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. நிலவழியில் சுற்றிலும் இருப்பதோ தமிழ்நாடு. அரசு பொது மருத்துவமனை காரைக்காலில் உள்ளது. மனநலப் பிரிவுடன் கூடிய ஜிப்மர் மருத்துவமனை 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரி நகரில் உள்ளது. நாகூர் தர்காவோ சில கிலோமீட்டர் தொலைவில்தான். இரவில் குரல் கேட்டு அலறும் மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் முதலில் எங்கே போவார் என்பதைத் தூரமே பாதி முடிவுசெய்துவிடுகிறது.

வழிபாட்டிடங்கள் தரும் ஆறுதலை ஆய்வாளர்கள் புறக்கணிக்கவில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஆய்வில், அங்குத் தங்கிய காலத்தில் அவர்களின் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அமைதியும் பரிவும் உள்ள சூழலே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆனால் பரிவு இல்லாத இடங்களும் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரித்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோயாளியை எவ்விடத்திலும் எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. நாடாளுமன்றச் சட்டம் என்பதால் காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் அது ஒன்றுபோலவே பொருந்தும். வழிபாடும் மருந்தும் ஒன்றுக்கொன்று தடையில்லை. தர்காவுக்குப் போகும் குடும்பம் மருத்துவரையும் பார்க்கலாம்.

தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் முதலில் தொடங்கிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, அதிலிருந்தே காணொளி வழியாக மருத்துவரைக் காணவும் மருந்து பெறவும் வழிசெய்தது. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

இளவயதினர் ஒருவர் சில வாரங்களாகத் தூங்காமல் இருப்பது, காரணமின்றிச் சந்தேகப்படுவது, தனியே பேசுவது, குளியலையும் உணவையும் விடுவது, படிப்பையும் நட்பையும் திடீரெனத் துறப்பது ஆகியவை சேர்ந்து தோன்றினால் மருத்துவரை நாட வேண்டும். சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீளும் அளவுக்குத் தேறுவது கடினமாகிறது.

அவர் கேட்கும் குரலைப் பொய் என்று வாதிடுவதால் பயனில்லை. உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. அது அவருக்கு அச்சம் தருகிறது என்பதைப் புரிந்துகொண்டு பேசினால் சிகிச்சைக்கு அவர் இணங்கும் வாய்ப்பு கூடும். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துத் திருமணம் செய்துவைப்பது இருவர் வாழ்வையும் குலைக்கும். நோயை அறிந்து ஏற்று நடந்த திருமணங்கள் நிலைத்ததும் உண்டு. குரல்கள் அடங்கியபின் மகனோ மகளோ மூலையில் அமர்ந்தே இருந்தால், அதைக் கடிந்துகொள்வதற்கு முன், அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் ஓர் அறிகுறியாகச் சொல்ல வேண்டும். ஆறு துறைகளில் ஒன்றாக அது பதிவானால்தான் அதற்கான பயிற்சியும் உதவியும் கிடைக்கும்.